தவறாமல் அணியவும்

அத்தியாயம் 14

ஒன்பது நாளாக அந்த வீட்டில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. எழுதிக்கொள்கிறார்கள்.

ஃப்ரிட்ஜ் கதவுதான் தபால் நிலையம். "பால் இல்லை" என்று மஞ்சள் சீட்டில் அவள் எழுதி ஒட்டுவாள். "வாங்கியாச்சு" என்று அவர் அதற்குக் கீழே எழுதுவார். கோபம் உச்சத்தில் இருந்த நாட்களில்கூட இரண்டு பேரும் கையெழுத்தை மட்டும் குண்டு குண்டாக, அழகாக வைத்துக்கொண்டார்கள். எதிராளிக்குப் புரியாமல் போய்விட்டால் கோபப்பட்டு என்ன பயன்?

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். மனைவி போய் ஆறு வருஷம் கழித்து, அறுபத்து மூன்றாவது வயதில், தான் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அப்பா சாப்பாட்டு மேஜையில் அறிவித்தார். மணப்பெண், கடைத்தெருவில் திரைச்சீலைக் கடை நடத்தும் அம்மாள். ஐம்பத்தெட்டு வயது, கழுத்தில் எப்போதும் ஒரு அளவு நாடா, பல வருஷங்களுக்கு முன்பே விவாகரத்து ஆனவர். மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். வாயை மூடினாள். மறுநாள் மஞ்சள் சீட்டுக் கட்டு வாங்கிவந்தாள்.

இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் அப்பா ஒட்டியிருந்த சீட்டு: "வெளியே போகிறேன்."

கீழே அவள்: "எங்கே?"

அதற்கும் கீழே அவர்: "வெளியே."

அவள் பேனாவைத் திறந்தாள், யோசித்தாள், மூடிவிட்டாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஒன்பதரைக்கு ஒரு வங்கி அதிகாரிக்கு மூன்றாவது வகுப்பு. அந்த மனிதர் இரண்டாவது வகுப்பில் ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்திருந்தார். அப்பாவைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

அப்பா போகவேண்டிய இடத்தை எழுதும் அளவுக்கு அந்த மஞ்சள் சீட்டில் இடம் இருந்தது. தைரியம்தான் இல்லை.

விஷயம் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. கடை மூடிய பிறகு, சுருட்டி வைத்த துணிகளுக்கு நடுவே அப்பாவும் அந்த அம்மாளும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பதிவுக்கு என்ன தேதி என்று அவர் கேட்டார்.

"தேதி இருக்கட்டும். அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு டெஸ்ட் பண்ணிக்கணும்" என்றார் திரைச்சீலைக்கார அம்மாள்.

"சர்க்கரையா? போன மாசம்தான் பாத்தேன். நார்மல்."

"சர்க்கரை இல்லைங்க. பால்வினைத் தொற்று டெஸ்ட்."

அவர் தேநீரை மேல்சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"என்னைப் பாத்தா அப்படிப்பட்ட ஆளாவா தெரியுது?"

"பாத்தா தெரியாது. தெரிஞ்சா டெஸ்ட் எதுக்கு? நான் வெள்ளிக்கிழமையே குடுத்துட்டு வந்துட்டேன். முடிவை ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கலாம். சம்மதம்னா மேல பேசலாம்."

"சம்மதமில்லைன்னா?"

"உங்க வீட்டு ஹாலுக்கு நீலக் கலர்ல திரை தைச்சு வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போங்க. அதோட சரி."

திங்கட்கிழமை முழுக்க அவர் கோபமாக இருந்தார். மாலையில் கோபம் பயமாக மாறியது. அந்த அம்மாள் இல்லாமல் இன்னொரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப்பார்த்தார். அதைவிட ஊசி குத்திக்கொள்வது மேல் என்று தோன்றியது. போனை எடுத்து நேரம் குறித்துக்கொண்டார்.

பாலியல் நல மையம் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. அப்பா கறுப்புக் கண்ணாடியும், காதை மூடும் தொப்பியும் அணிந்து வந்திருந்தார். வெயில் சுட்டெரித்தது. வாசலை மூன்று முறை கடந்து போனார். நாலாவது முறை காவலாளி எழுந்தார்.

"ஐயா, வழி தெரியலையா?"

"சும்மா நடக்கறேன். டாக்டர் நடக்கச் சொன்னார்."

"எந்த டாக்டர்?"

அப்பா சட்டென்று உள்ளே நுழைந்துவிட்டார். நுழைந்தபின்தான் நுழைந்தது தெரிந்தது.

வரவேற்பில் இருந்த பெண் பேரைக் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் வில்லையைக் கொடுத்தாள். பதினேழு. அந்த அறையில் யாருக்கும் யாரையும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை கிடையாது. பரிசோதனை முடிந்து முடிவுக்குக் காத்திருந்த பதினாறாம் நம்பர், முகத்துக்கு நேரே ஒரு பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பதினெட்டாம் நம்பர், ஒரு இளம்பெண், சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் செய்முறையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஓரத்தில் ஒரு ஜோடி. இரண்டு பேரும் ஒரே திசையில், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்து, தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தார்.

கதவு திறந்தது. இரண்டு அட்டைப்பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் பின்புறமாக நுழைந்தார். பெட்டிகளைத் தரையில் வைத்து, நிமிர்ந்து, திரும்பினார்.

மாப்பிள்ளை.

மகளின் கணவர், சொந்தமாக ஒரு சின்ன அச்சகம் நடத்துகிறவர். தினமும் காலையில் மாமனாரோடு ஒரே மேஜையில் ரொட்டி தின்கிறவர். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் அவரிடம் செல்லுபடியாகவில்லை. ஏனென்றால் இரண்டுமே அவருடையவை.

"மாமா?"

"மாப்பிள்ளை?"

அறையில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தாங்கள் பயந்தது வேறொருவருக்கு நடப்பதில் ஒரு தனிச் சுகம் உண்டு.

"இங்க எங்க, மாமா?"

"பல்லு" என்றார் அப்பா. "பல்லு வலி."

"பல் டாக்டர் ரெண்டாவது மாடி, மாமா."

"லிஃப்ட் சரியில்லை."

"நீங்க லிஃப்ட் மெக்கானிக்."

"ரிட்டயர்டு!" என்று அப்பா சீறினார். நாற்பது வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவருக்கு அதற்குமேல் ஒரு சாக்கு கிடைக்கவில்லை. சாக்கு கிடைக்காதபோது சண்டை பிடிப்பதே நல்லது. மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்து பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். "என்னை விடுங்க. நீங்க இங்க எதுக்கு வந்தீங்க? என் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது, மாமா."

"தெரியாதா!"

"ஏற்கெனவே அவ கோபத்துல இருக்கா. இதையும் எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு..."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ரெண்டு வாரமா."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "என் பொண்ணுக்கு என்ன குறை, மாப்பிள்ளை?"

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ மாமா, நான் நோட்டீஸ் கொண்டுவந்தேன்!" என்று அவசர அவசரமாகப் பெட்டியைக் கிழித்தார். "இந்த மையத்துக்கு ரெண்டாயிரம் நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கற ஆர்டர். ரெண்டு வாரமா அந்த வேலைதான். பாருங்க, நீங்களே பாருங்க."

உண்மைதான். வழவழவென்று ரோஸ் நிறக் காகிதம். தலைப்பு: தொற்றைத் தவிர்ப்போம். அப்பா விட்ட பெருமூச்சில் பதினாறாம் நம்பரின் பத்திரிகை அசைந்தது.

பிறகு, பழக்கதோஷத்தில் படிக்க ஆரம்பித்தார். எந்தக் கட்டடத்தில் நுழைந்தாலும் அறிவிப்புப் பலகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பது அவர் தொழிலில் ஊறிப்போனது. நாலாவது வரியில் விரல் நின்றது.

"மாப்பிள்ளை, இதைச் சத்தமா படிங்க."

"ஒவ்வொரு முறையும் புதிய ஆணுறையைத் தவறாக..." மாப்பிள்ளையின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "...அணியவும்."

பதினெட்டாம் நம்பர் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சத்தம் வெளியே வந்துவிட்டது.

"தவறாமல்" என்றார் மாப்பிள்ளை, முகம் வெளுத்து. "தவறாமல்னுதான் மாமா அடிச்சேன். நானே அடிச்சேன், நானே பிழை திருத்தினேன்."

"அதான் விஷயம். ரெண்டு தடவையும் ஒரே ஆளு."

தலைமை நர்ஸ் வந்தார். உயரமான, கண்டிப்பான பெண்மணி. நோட்டீஸை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். "இதுல முந்நூறு, மதியம் ரெண்டு மணிக்குக் காலேஜுக்குப் போகணும். நான்தான் அங்க பேசப்போறேன்." குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"புதுசா அடிக்க நாளைக்கு ஆகும், சிஸ்டர்."

அப்பா பையிலிருந்து பேனாவை எடுத்தார். "க-வை அடிச்சுட்டு மேல மல் போட்டா முடிஞ்சுது. முந்நூறுதானே? எடுங்க மாப்பிள்ளை."

முதலில் இரண்டு பேரும்தான் திருத்தினார்கள். பத்துத் தாள் ஆனதும் பதினெட்டாம் நம்பர் எழுந்து வந்து, "எனக்கும் ஒரு பேனா குடுங்க, சும்மாதானே உக்காந்திருக்கேன்" என்றாள். ஓரத்து ஜோடியில் பெண் க-வை அடித்தாள், பையன் மல் எழுதினான். பதினாறாம் நம்பர் பத்திரிகையைக் கீழே வைத்தபோதுதான் அவருக்கு ஒரு அருமையான மீசை இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

"மல் கொஞ்சம் பெருசா எழுதுங்க" என்று அவர் அதட்டினார். "கண்ணுல படவேண்டாமா?"

"சார் வாத்தியாரா?"

"நான் யாருன்னு கேக்கக்கூடாதுன்னுதானே நம்பர் குடுத்திருக்காங்க!"

சிரிப்பு வெடித்தது. காவலாளி எட்டிப்பார்த்தார். இந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

"பதினேழு!"

அப்பா தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது.

ஆலோசகருக்கு மகள் வயதுதான் இருக்கும். அது இன்னும் மோசம். அப்பா மேஜையின் விளிம்பைப் பார்த்துப் பேசினார். மறுமணம், நிபந்தனை, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சொல்லி முடித்தார்.

"ரொம்ப நல்ல நிபந்தனை சார். கடைசியா உறவு வச்சுக்கிட்டது எப்ப?"

"ஆறு வருஷம். இல்ல, ஏழுன்னு எழுதுங்கம்மா. கடைசி வருஷம் அவளுக்கு உடம்பு முடியல."

அந்தப் பெண் எழுதாமல் ஒரு கணம் பேனாவை நிறுத்தினாள். பிறகு எழுதினாள்.

"மனைவியைத் தவிர வேற யாராவது?"

'இல்லை' என்ற சொல் நாக்கு நுனிவரை தயாராக வந்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தனை கோபத்தோடு கேட்டாரே, அதற்கும் அதுதான் பொருள். ஆனால் அந்தப் பெண் தலை நிமிராமல், அவசரப்படாமல் காத்திருந்தாள். காத்திருந்ததுதான் தப்பாகப் போயிற்று.

"ஒரு தடவை" என்றார். "கல்யாணத்துக்கு முன்னாடி. இருபத்தஞ்சு வயசு. வெளியூர்ல ஒரு கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டப் போயிருந்தோம். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"பாதுகாப்பு ஏதாவது?"

"தலைக்கு ஹெல்மெட்கூடப் போடாத காலம்மா அது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பரவாயில்லை சார். எல்லாம் பாத்துடலாம். சில தொற்று வருஷக்கணக்கா சத்தமே போடாம உள்ள இருக்கும். வலி இருக்காது, அரிப்பு இருக்காது. அதனால வெளியில தெரியறதை வச்சு முடிவு பண்ணமுடியாது. கண்டுபிடிச்சுட்டா, நிறைய தொற்றுக்கு மாத்திரையே போதும். சிலது முழுசாப் போகாது, ஆனா கட்டுல வச்சுக்கலாம்."

"இந்த ஒரு தடவையை... அவங்ககிட்ட சொல்லணுமா?"

"பழைய கதை உங்க இஷ்டம். டெஸ்ட் முடிவை மட்டும் மறைக்காதீங்க."

பிறகு அவள், ஆணுறை அணிவதைச் செய்துகாட்டுவதற்கான ஒரு மர மாதிரியை மேஜைமேல் நிறுத்தினாள். அப்பா அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதெல்லாம் வேண்டாம்மா. இந்த வயசுல குழந்தையா பிறக்கப்போகுது?"

"குழந்தை பிறக்காது சார். தொற்றுக்கு உங்க வயசு தெரியாது. எல்லா டெஸ்ட் முடிவும் வர்ற வரைக்குமாவது இது வேணும். நூத்துக்கு நூறுன்னு சொல்லமாட்டேன். தோலோட தோல் பட்டுப் பரவறது சிலது இருக்கு. ஆனா ஆபத்து ரொம்பக் குறையும்." உறையை எடுத்துக் கிழிக்கப்போனாள்.

"நிறுத்துங்க." மெக்கானிக் விழித்துக்கொண்டார். "தேதி பாத்தீங்களா?"

அவள் உறையைத் திருப்பினாள். காலாவதியாகி ஏழு மாதம்.

"இது... காட்டறதுக்கு மட்டும் வச்சிருக்கறது சார்" என்றாள், காது சிவக்க.

"காட்டும்போதுதானேம்மா தேதி பாக்கறதையும் காட்டணும்? எங்க லிஃப்டுல ஆறு கயிறு இருக்கும். ஒண்ணே மொத்தப் பாரத்தையும் தாங்கும். இருந்தாலும் கீழ ஒரு பிரேக் வச்சிருப்போம். கயிறு நல்லாத்தானே இருக்குன்னு அதைக் கழட்டிவைக்க முடியுமா? அந்த பிரேக்குக்கும் தேதி உண்டு." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். தான் யாருடைய பக்கம் நின்று வாதாடுகிறோம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. "சரி, புதுசு ஒண்ணு எடுங்க. எப்படின்னு காட்டுங்க."

அவள் காட்டினாள். பல்லால் கிழிக்கக்கூடாது, நுனியில் காற்று இருக்கக்கூடாது, எண்ணெய் கிண்ணெய் தடவக்கூடாது. அப்பா இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் தொழில்நுட்பக் கேள்விகள்.

ரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் கேட்டார்கள். கல்லீரலைத் தாக்கும் மஞ்சள்காமாலை வகை ஒன்றுக்குத் தடுப்பூசி இருக்கிறது, அதுவும் இந்த வழியில் பரவுவதுதான் என்று சொல்லி இடது கையில் முதல் ஊசியைப் போட்டார்கள். இரண்டு சோதனைக்கு அரைமணியில் முடிவு வரும், மற்றவை நாலு நாளில்.

அந்த அரைமணியில் அப்பா மறுபடி நோட்டீஸ் திருத்தினார். "மாமா, ரெண்டு தடவை மல் போட்டுட்டீங்க" என்றார் மாப்பிள்ளை, ஒரு தாளை மெதுவாக உருவிக்கொண்டு. "தவறாமல்மல்."

"இன்னும் ஜாக்கிரதையா இருக்கட்டும்."

மாப்பிள்ளை பேனாவை மூடினார். "மாமா, உங்களுக்கு ஒண்ணும் இருக்காது."

"இருந்தா?"

"இருந்தா மருந்து சாப்பிடுவீங்க. நான் வாங்கிட்டு வருவேன்."

அப்பா மாப்பிள்ளையின் முழங்காலை ஒரு முறை தட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

அரைமணியில் வந்த இரண்டு முடிவும் நல்லபடியாக இருந்தன. கிட்டத்தட்ட அதே நேரத்தில் முந்நூறாவது தாளும் முடிந்தது. தலைமை நர்ஸ் கட்டை எண்ணிப்பார்த்து, முதல் முறையாகச் சிரித்தார். "கையால திருத்தினதும் ஒரு வகையில நல்லதுதான். பசங்க அந்த வரியைத்தான் முதல்ல படிப்பாங்க."

மாமனாரும் மாப்பிள்ளையும் வெளியே வந்தார்கள். தொப்பியும் கண்ணாடியும் கையில். இருவர் விரல்களிலும் பேனா மை. "தவறாமல்மல்" என்று அப்பா சொல்ல, மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர்கள் தலைக்கு மேலே பலகை, ஆளுயர எழுத்தில்: பாலியல் நல மையம். தொற்றுப் பரிசோதனை, சிகிச்சை.

எதிர்ப்புறம், மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் வந்துகொண்டிருந்தது.

பயிற்சிக் காரில் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மகள் அதை அடியோடு மிதித்தாள்.

வங்கி அதிகாரி ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நான் என்ன பண்ணினேன்? குப்பைத்தொட்டிகூட இல்லையே!"

அவள் கண் எதிர்ப்புறத்தில் நின்றது. அப்பா. கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்டர். பக்கத்தில் தன் கணவன். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அந்தப் பலகைக்குக் கீழே.

ஒரு நிமிஷத்தில் அவள் மனம் முழுக் கதையையும் எழுதி முடித்துவிட்டது. அப்பாவுக்கு ஏதோ வந்துவிட்டது. அந்தப் பெண்பிள்ளையிடமிருந்து. மாப்பிள்ளை மறைவாகக் கூட்டிவந்து காட்டுகிறார். தன்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

"நேரா போய் வலது பக்கம் திரும்புங்க" என்றாள்.

"இன்னிக்கு ரிவர்ஸ் சொல்லித்தரேன்னு..."

"வலது பக்கம்!"

திரைச்சீலைக் கடை வாசலில் கார் நின்றபோது ஒரு சக்கரம் நடைபாதைமேல் இருந்தது. அவள் கவனிக்கவில்லை. கடைக்குள் போனாள். கழுத்தில் நாடாவோடு அந்த அம்மாள் ஒரு ஏணிமேல் நின்று வளையங்களைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாவுக்கு என்ன வாங்கிக் குடுத்தீங்க?"

"நீலத் திரை. அதுவும் இன்னும் குடுக்கல" என்று சொல்லித் திரும்பியவர், அவளைப் பார்த்ததும் மெதுவாக இறங்கினார். "அவர் பொண்ணா? உக்காரும்மா."

"உக்கார வரல. அந்த மையத்துலருந்து வெளிய வர்றதை நான் என் கண்ணால பாத்தேன்."

"போயிட்டாரா!" அந்த அம்மாளின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து மகளுக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. "போகமாட்டார்னு நினைச்சேன். நான்தான் போகச் சொன்னேன். நானும் போன வாரமே போயிட்டு வந்தேன்." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். "முடிவு வந்துடுச்சு. எல்லாம் நல்லபடியா இருக்கு. படிச்சுக்கோ."

மகள் கவரைத் தொடவில்லை. "வியாதியே இல்லாதவங்களுக்கு டெஸ்ட் எதுக்கு?"

அந்த அம்மாள் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினார்.

"எனக்கு முதல் கல்யாணம் ஆனப்ப இருபத்து மூணு வயசு. குழந்தை தங்கல, தங்கலன்னு எட்டு வருஷம் காத்திருந்தோம். எல்லாரும் என்னைத்தான் பேசினாங்க. அப்புறம் ஒரு டாக்டர் பாத்துட்டு, கருக்குழாய் ரெண்டும் அடைச்சிருக்குன்னு சொன்னார். எப்பவோ வந்த தொற்று. ஒரு வாரம் மாத்திரை போட்டிருந்தா சரியாகியிருக்குமாம். எனக்கு ஒரு நாள்கூட வலிச்சதில்லம்மா. காய்ச்சல்கூட இல்ல. அவர்கிட்டருந்து வந்தது. அவருக்கும் தெரியாதுன்னுதான் சொன்னார். நிஜமாவே தெரியாமயும் இருந்திருக்கலாம்."

வெளியே வங்கி அதிகாரி ஹாரனை எப்படி அடிப்பது என்று கண்டுபிடித்துவிட்டிருந்தார். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.

"கேக்கறதுக்கு எனக்கு வெக்கம். சொல்றதுக்கு அவருக்கு வெக்கம். ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையா இருந்துட்டோம். அதனால இந்தத் தடவை வெக்கத்தைத் தூக்கி வெளிய வச்சுட்டேன். உங்கப்பா தேநீரைக் கொட்டிக்கிட்டார், பாவம்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததில் அவளுக்கே கோபம். அதற்குள் கண்ணில் நீரும் வந்துவிட்டது. எதை முதலில் துடைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"உங்களை நான் என்னன்னு கூப்பிடறது?" என்று கேட்டாள், கொஞ்சம் முரட்டுத்தனமாக. "அம்மான்னு வராது."

"வரவேண்டாம். வாங்க, போங்கன்னு ஓட்டு. பேர் மெதுவா வரட்டும்."

"ஊசி போட்ட கையோட பலமா சிரிச்சுக்கிட்டிருந்தார்" என்றாள் மகள். "அவர் அப்படிச் சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு."

சாயங்காலம் ஆறரை மணி. அப்பா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் வந்து எதிரே நின்றாள்.

"கை வலிக்குதாப்பா?"

கத்தி நின்றது. வெங்காயத்தின் உதவி இருந்ததால் அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குத் தனியாகக் காரணம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"கொஞ்சம். இன்னும் ரெண்டு ஊசி பாக்கி இருக்காம்."

"அவங்களைப் பாத்துட்டு வந்தேன்."

"தெரியும். போன்ல சொன்னாங்க. நானும் அவங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். பழைய கதை. கேட்டுட்டு, சொன்னதுக்கு நன்றின்னாங்க." அவர் தயங்கினார். "உனக்கு எல்லாம் சொல்லமுடியாதும்மா."

"எனக்கு வேண்டவும் வேண்டாம்" என்றாள் அவசரமாக. கத்தியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "வெங்காயத்தை இவ்வளவு பெருசாவா நறுக்குவாங்க? தள்ளுங்க."

சாப்பாடு கலகலப்பாக நடந்தது. தவறாமல்மல் கதையை மாப்பிள்ளை நடித்தே காட்டினார். பதினாறாம் நம்பரின் மீசைக்காக ஒரு கரண்டியை மூக்கின் கீழே பிடித்துக்கொண்டார். மகள் புரையேறும்வரை சிரித்தாள். மிச்சமிருக்கும் முடிவுகள் சனிக்கிழமை வரும் என்றும், எதுவானாலும் கடைக்கு நேரே கொண்டுபோய்க் காட்டிவிடுவதாகவும் அப்பா சொன்னார். பல நாளுக்குப் பிறகு மூன்று பேரும் ஒன்றாகவே எழுந்து தட்டுகளை எடுத்துப் போனார்கள்.

மாப்பிள்ளை கழுவினார். அப்பா துடைத்தார். மகள் அடுக்கினாள்.

"யோசிச்சுப் பாத்தா" என்றாள் அவள், சாதாரணமாக, ஒரு கிண்ணத்தை அலமாரியில் வைத்துக்கொண்டே, "வயசான ரெண்டு பேரும் டெஸ்ட் பண்ணிக்கறாங்க. நாம கல்யாணம் ஆகி நாலு வருஷமாச்சு. நாம ரெண்டு பேரும் பண்ணிக்கவே இல்லையே?"

"நான் பண்ணிக்கிட்டேனே" என்றார் மாப்பிள்ளை, அதே சாதாரணமாக.

"எப்ப?"

"நம்ம கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி. எல்லாம் நார்மல்."

மகள் அலமாரிக் கதவை மூடினாள். மெதுவாகத்தான் மூடினாள்.

"எதுக்கு?"

அப்பா துடைக்கும் துணியை மடித்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் வாசற்படியை நோக்கி நகர்ந்தார். "அப்பா, நீங்களும் இருங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

மாப்பிள்ளை குழாயைத் திறந்தார். ஏற்கெனவே கழுவி, துடைத்து, பளபளவென்றிருந்த ஒரு தட்டை எடுத்து, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தார்.